தம்பி விரல் தேய்த்த கட்டங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அக்காவுக்கு மூச்சக்கா என்று பெயர். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று நாள் பூராவும் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். வைத்தது நான்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. என் வேலை அவள் அறைக்கு வெளியே. டோக்கன் கூப்பிடுவது, சங்கிலியைக் கழற்று, சட்டையைக் கழற்று என்று சொல்வது, எடுத்த படங்களை டாக்டர் அறைக்குக் கொண்டுபோய் விளக்குப் பெட்டியில் மாட்டுவது. நடுநடுவே கொஞ்சம் பேசுவேன். கொஞ்சம் என்பது என் கணக்கு.

அக்கா எனக்கு நேர் எதிர். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். அம்மா போய்ச் சேர்ந்தபிறகு அப்பாவும் அவளுமாக ஒரே வீடு. வேலையில் அவளுக்கு ஒரு வெறி உண்டு, இடது வலது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தை வைத்து எடுக்க வேண்டும். ஏனோதானோ என்று வைக்கிறவர்களும் உண்டு. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எந்தக் கால் வலிக்கிறது என்று கேட்பதோடு விடமாட்டாள். காலைத் தூக்கச் சொல்லி, தானே தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் எழுத்தை வைப்பாள். பக்கம் மாறினால் நல்ல காலைக் கிழித்துவிடுவார்கள் என்பாள். அத்தனை வருஷத்தில் ஒரு படத்தில்கூட அவள் பக்கம் மாற்றியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அப்படிப்பட்டவள்தான் தன் வீட்டில், கூடப் பிறந்தவன் விஷயத்தில், பக்கத்தைக் கோட்டை விட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், அக்காவின் இடது கை விரல்கள் வலது கையின்மேல் அழுத்தி அழுத்தி நடந்துகொண்டிருக்கின்றன. சொறியா படையா என்று கேட்டேன். கிடார் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியவள், ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. கச்சேரி எப்போது, முன் வரிசையில் எனக்கு இடம் உண்டா என்று ஓட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னாள். கேட்டு முடித்தபோது என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். படிப்பு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், யாரோ தூக்கிப் போட இருந்த பழைய கிடார் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் வாசிப்பான். யாராவது தட்டினால் முதலில் சத்தம் நிற்கும், கிடார் உறைக்குள் போகும், பிறகுதான் கதவு திறக்கும். அவன் வாசித்து வீட்டில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. பையனுக்குக் கூச்சம் என்று விட்டுவிட்டார்கள்.

அவன் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். சாயங்காலமானால் ஒரே மெட்டைத்தான் வாசிப்பான். எங்கேயும் கேட்ட பாட்டில்லை, அவனே கோத்தது. ஒரு சாயங்காலம் அக்கா எக்ஸ்ரே வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிச் சுவரில் ஓங்கி ஒன்று வைத்தாள். மெட்டு பாதியில் நின்றது. மறுநாள் காலையில் வேலைக்குப் போன தம்பி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

அன்றிலிருந்து அந்த மெட்டு அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. செருப்படி விழுந்த இடம்வரை வரும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரும். பஸ்ஸில் வரும், குளிக்கும்போது வரும், எக்ஸ்ரே அறையில் பொத்தானை அமுக்கப் போகிற நேரத்தில் வரும். முழு மெட்டையும் எத்தனையோ நாள் சுவர் வழியாகக் கேட்டவள்தான். ஆனால் அந்த அடிக்கு அப்பால் இருந்தது எல்லாம் அன்றோடு துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. அவளும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டாள்.

"பாதியிலயே நிக்கிறான்டி," என்றாள். "நிறுத்தினது நான். நான்தான் முடிச்சு வைக்கணும்."

அம்மா இருந்தவரை அந்தக் கிடாரை யாரும் தொடக்கூடாது. உறையோடு அலமாரியின்மேல் கிடந்தது. அம்மா போனபிறகு அக்கா இறக்கினாள். கம்பிகள் துருப்பிடித்துப் பாதி அறுந்து சுருண்டிருந்தன. அப்படியே ரிப்பேர் கடையில் கொடுத்துப் புதுக் கம்பி போட்டு வாங்கி வந்தாள். வீட்டில் வைத்துத் துடைக்கும்போதுதான் கழுத்தில் சில குழிகள் கையில் தட்டின.

கிடாரை அருகில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் கழுத்தில் ஆறு கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கம்பிகளுக்கு அடியில் ஒரு மரப் பலகை. அதில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். கம்பியும் பட்டையுமாகச் சேர்ந்து பலகை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். எந்தக் கம்பியை எந்தக் கட்டத்தில் அழுத்துகிறோமோ அதற்கேற்ற சுரம் வரும். தம்பியின் கிடாரில் சில கட்டங்களில் மரம் தேய்ந்து குழிந்திருந்தது. நகம் வெட்டச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத பயல். அழுத்தி அழுத்தி மரத்தையே தின்றிருக்கிறான். விரல் நுனியை வைத்தால் பொருந்தி உட்காருகிற பள்ளங்கள். தன் மண்டையில் மெட்டு பாதிதான் இருக்கிறது, இந்த மரத்தில் முழுசாக இருக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. அந்தக் குழிகளைப் படிப்பதற்காகத்தான் அவள் கிடார் வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு ஒரு சலவைக் கடையின் மாடியில். மாஸ்டர் அவளைவிட வெகு சின்னவர், முடியை வாரிக் குடுமி போட்ட ஆள். ஒரு கொட்டாவியாவது விடாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க மாட்டார் என்பாள் அக்கா. தம்பியின் கிடாரை வெளியே எடுத்துப்போக அவளுக்கு மனசு வரவில்லை. வகுப்பில் இருந்த கிடாரிலேயே கற்றாள். அதனால் மாஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை.

சோம்பேறியானாலும் அந்த ஆள் சொல்லிக்கொடுத்த வழி நல்ல வழி. சுரத்தின் பெயர்களை உருப்போடாதே, வடிவத்தைப் பார் என்பார். ஒரு சுரத்தை வீடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றிக் கம்பிக்கு இரண்டு கட்டமாக எங்கெங்கே விரல் வைக்கலாம் என்று புள்ளி புள்ளியாகப் பார்க்க வேண்டும். புள்ளிகள் சேர்ந்தால் ஒரு வடிவம். அது முடிகிற இடத்தில் அடுத்த வடிவம் ஆரம்பம். மொத்தம் ஐந்துதான், ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு கழுத்து முழுக்கப் போகும். வீட்டைத் தள்ளி வைத்தால் எல்லாமே கூடவே தள்ளிப்போகும், வடிவம் மட்டும் மாறாது. கண்ணை மூடினால் பலகை தெரிய வேண்டும், அதில் புள்ளிகள் விளக்குப்போல எரிய வேண்டும். அதுவரை கம்பியைத் தொட்டுப் பிரயோஜனமில்லை என்பது மாஸ்டரின் கட்சி.

மற்றவர்கள் இதற்கே முழி பிதுங்குவார்களாம். அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. தோலுக்கு உள்ளே இருப்பதைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. பிடிபட்டது அவளை விடவும் இல்லை. பஸ் ஜன்னலில் தெரிந்தது, தரையின் கற்களில் தெரிந்தது, எங்கள் ஆஸ்பத்திரி மாடிப்படிக் கைப்பிடியில் தெரிந்தது. நெஞ்சுப் படத்தைப் பார்த்தால் விலா எலும்புகள் பட்டைகளாகத் தெரியும். யார் பெற்ற பிள்ளையோ, அவர் நெஞ்சில் அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளி என்று இவள் விரல் காற்றில் வைத்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டாள். மனிதர் சொன்ன சொல் தட்டாதவர். முகம் சிவந்து கன்னம் இரண்டும் உப்பி நின்றவரை நான்தான் கதவைத் திறந்து காப்பாற்றினேன்.

கஷ்டமெல்லாம் வீட்டில்தான். தம்பியின் அறையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து, அவன் குழிகளில் விரல் வைப்பாள். முதல் இரண்டு சுரமும் சரியாக விழும், ஆனால் தடித்த கம்பியில், ஆழத்திலிருந்து வருகிற அடிக்குரலில். உடம்பு சிலிர்த்துப்போகும். மூன்றாவது கோணிக்கொள்ளும். நான்காவது எங்கோ போய் விழும். மாஸ்டர் சொன்ன வடிவங்களைப் பொருத்திப் பார்த்தாள். ஓரக் கம்பிகளில் பொருந்துவது போல வந்து நடுவில் காலை வாரின. மனசில் எரிகிற புள்ளி ஒரு பக்கம் இருக்கும், மரத்தின் பள்ளம் இன்னொரு பக்கம் இருக்கும். பழைய கிடார் என்றால் தேயாமல் என்ன செய்யும், தேய்மானத்தில் போய்ப் பாட்டைத் தேடுவார்களா என்று மாஸ்டர் கொட்டாவி விட்டார்.

கொஞ்ச நாளில் அக்காவின் பேச்சு மாறியது. அந்த அறையில் தனியாக இல்லை என்றாள். பின்னால் இல்லை, பக்கத்தில் இல்லை, நேர் எதிரே. எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் எதிரே வந்துவிடுகிறான். தன் கை அழுத்துகிற பள்ளங்கள் தன் பக்கத்திலிருந்து விழுந்தவை போல இல்லை, எதிரே உட்கார்ந்த ஒருவன் கை நீட்டி அழுத்தினாற்போல இருக்கின்றன என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கண்ணுக்குக் கீழே கறுத்து, ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டால் அதன் பாரத்திலேயே விழுந்துவிடுவாள் போல ஆகிவிட்டாள். கிடாரை வித்துத் தொலையுங்கள் என்று நான் ஒருநாள் கத்திவிட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பேச்சு இல்லை. மறுபடி பேசியபோது, "கோவமா இருக்கான்டி. முதல் ரெண்டைக் குடுக்கறான், மிச்சத்தைக் கேக்க விடமாட்டேங்கிறான்" என்றாள். அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

பிறகு ஒரு மத்தியானம், கூட்டம் நெருக்கித் தள்ளிய நாள். ஒரு நெஞ்சுப் படத்தை யாருடனோ பேசிக்கொண்டே டாக்டர் அறை விளக்குப் பெட்டியில் திருப்பி மாட்டிவிட்டேன். எக்ஸ்ரே படத்தை, ஆள் நம் எதிரே நிற்பது போல வைத்துப் பார்க்க வேண்டும்; அவருடைய இதயம் நம் வலது கைப் பக்கம் தெரியும். நான் மாட்டியதில் இடது பக்கம் தெரிந்தது. ஓரத்து ஈய எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் கிடந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக அக்காவிடம் நான் வாங்காத திட்டு இல்லை. உள்ளே வந்தாள், பார்த்தாள். திட்டுக்குத் தயாராக நின்றேன்.

திட்டவில்லை. திருப்பி மாட்டு என்றாள். மாட்டினேன். மறுபடி திருப்பு என்றாள். என்ன சோதனை இது என்று திருப்பினேன். இன்னொரு தடவை. டாக்டர் வந்துவிடுவார் அக்கா என்று கெஞ்சினேன், காதில் விழவில்லை. அவள் இதயத்தைப் பார்க்கவில்லை. விலா எலும்புகள் பக்கம் மாறி மாறி விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பொறக்கும்போது இடது கைக்காரன்டி," என்றாள்.

டாக்டர் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்ததும் அவள் வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், அவள் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். தம்பி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பென்சிலோ ஸ்பூனோ எதை எடுத்தாலும் இடது கைதான். அப்பா கணக்கு வாத்தியார். எழுத உட்காரும்போதெல்லாம் பையனின் இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டிவிடுவார். அழுது பார்த்தான், அப்புறம் அழுவதை விட்டான், அப்புறம் மாறிவிட்டான். எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாம் வலது கை. அப்படி ஒன்று நடந்ததே வீட்டுக்கு மறந்துவிட்டது. கூடவே வளர்ந்த அக்காவுக்கும் மறந்துவிட்டது. அவன் கதவைத் தாழ் போட்டது கூச்சத்தால் இல்லை. உள்ளே அவன் தன் சொந்தக் கையால் வாசித்துக்கொண்டிருந்தான்.

அன்று வேலை முடிந்ததும் நானும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். கிடாரை எடுத்து எதிர்ப்பக்கமாக மடியில் வைத்துப் பார்த்தாள். அதுவரை அர்த்தமில்லாமல் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்கார்ந்தது. கம்பியை மீட்டிய கீறல்கள் கிடாரின் நடு ஓட்டைக்கு மேலே இருக்கின்றனவே என்று அவள் யோசித்ததுண்டு. இப்படி வைத்தால் அவை கீழே, இருக்க வேண்டிய இடத்தில் வந்தன. கழுத்தின் அடி விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தன. வாசிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவை மேல் விளிம்பில், அவள் முகத்துக்கு நேரே. அது அவளுடைய நகப்பூச்சு. காணோம் என்று அந்தக் காலத்தில் வீட்டையே இரண்டாக்கியிருக்கிறாள்.

நேரே ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"ஆமாம்மா, கம்பியெல்லாம் தலைகீழா மாட்டியிருந்துச்சு. கம்பி உக்கார்ற எலும்புத் துண்டையும் எவனோ தப்பா வெட்டி வெச்சிருந்தான். புதுசா வெட்டி எல்லாத்தையும் சரி பண்ணித்தான குடுத்தேன்."

சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவர் போலப் பார்த்தார். இடது கைக்காரர்கள் கிடாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளையும் வரிசை மாற்றி மாட்டிக்கொள்வார்கள் என்று அவருக்கே தெரியும். இவள் வலது கைக்காரியாகத் தெரிந்ததால் யோசிக்கவில்லையாம். ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அடக்கினாள். அவர்தான் பிறகு விளக்கினார்: ஓரத்துக் கம்பிகள் இரண்டும் ஒரே சுரம், ஒன்று மெலிசு, ஒன்று தடிசு. அதனால்தான் மெட்டின் ஆரம்பம் சரியாகவும் அடிக்குரலிலும் விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கிற கம்பிகள் அப்படி இல்லை. இடம் மாறினால் சுரமும் மாறிவிடும்.

"செத்தப்புறமும் ஒருத்தர் அவன் கையைத் திருத்திட்டாரு," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். முன்பு இருந்த மாதிரியே மாட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

அதற்குப்பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கிடாரை எந்தக் கையிலும் பிடிக்கலாம், மூளையை அப்படித் திருப்பிப் பிடிக்க முடியுமா? இனிமேல் வலது கை அழுத்த வேண்டும், இடது கை மீட்ட வேண்டும். பாடுபட்டு மனசில் ஏற்றி வைத்த ஐந்து வடிவங்களையும் ஒவ்வொன்றாக அணைத்து மறுபக்கம் ஏற்ற வேண்டும். எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். இடது பக்கத்தை வலது பக்கமாகப் பார்ப்பதுதானே தன் பிழைப்பே என்று ஒருநாள் சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எதிரே உட்காருகிறவன் இன்னும் வருகிறானா என்று கேட்டேன். இப்போதெல்லாம் எதிரே இல்லை என்றாள். நல்லதாய்ப் போயிற்று என்று மூச்சு விட்டேன். "இங்க இருக்கான்" என்று தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேர் உட்காருகிற இடமில்லையே அது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னை வரச் சொன்னாள். தனியாகக் கேட்கத் தைரியமில்லை போலிருக்கிறது. அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். மகன் போனபிறகு அந்த அறைப் படியை மிதித்ததே இல்லையாம். தம்பியின் அறை சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கொல்லைப்பக்கம் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கிடாரைத் திருப்பிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். பலகை தெரிகிறவரை காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வாசித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அது மெலிந்த கம்பியில் மெதுவாக ஏறி, ஏதோ கேட்க வந்தவன் வாசலில் தயங்குவது போல நின்று, மறுபடி ஏறியது. ஒரு சுரம்கூடக் கோணவில்லை. அவள் விரல் ஒவ்வொன்றும் குழியில் போய் உட்கார்ந்தது. என் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. நான் பார்த்தேயிராத ஒரு பையன் அந்த அறையில் இருந்தான். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சட்டென்று நின்றது. செருப்படி விழுந்த இடம் அதுதான் என்று அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேலே விரலை எடுத்துப் போனாள். அங்கே ஒரு குழி, இங்கே ஒரு குழி, கழுத்தின் கீழே நாலைந்து. எதை முதலில் தொடுவது, எதை அடுத்து? ஒரு வரிசையில் தொட்டாள், பிறகு வேறு வரிசையில். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாட்டுதான், அவன் பாட்டில்லை. விரல் எங்கெங்கே போயிற்று என்று மரம் சொல்லும். எப்போது போயிற்று என்று சொல்லாது. இத்தனை நாள் அவள் அதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை ஆரம்பித்தே இருக்க மாட்டாள்.

"இதுக்கு மேல இல்லடி," என்றாள். கிடாரின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியிலேயே இருந்தேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், அப்பா கைத்தடியோடு வாசற்படியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மீட்டுகிற கையாக இருப்பதைப் பார்த்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லட்டும், பெரியவர் என்றுகூடப் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன்.

"அவன் இப்படித்தான் உக்காருவான்," என்றார்.

அக்கா தலையைத் தூக்கினாள். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள். கொல்லையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் தினமும் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பேன், திரைக்கு நடுவில் இடைவெளி இருக்கும் என்றார். ஏன் உள்ளே வரவில்லை என்று அவள் கேட்டாள். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உள்ள வந்தா கையைப் பத்திச் சொல்ல வேண்டி வரும். அதான் வரல."

அந்தக் கடைசி நாளும் நின்றீர்களா என்று அக்கா கேட்டாள். இரண்டு தடவை கேட்டபிறகுதான் அவர் காதில் விழுந்தது.

"நின்னேன். நீ செவுத்துல அடிச்சது எனக்கே கேட்டுச்சு. அவன் சிரிச்சான். கையில இருந்த மீட்டுற வில்லையைக் கீழ வெச்சிட்டு, வெறும் விரலால வாசிச்சான், உனக்குக் கேக்காத மாதிரி. முழுசா முடிச்சிட்டுத்தான் உறையில போட்டான்."

இந்த மனிதர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் இது அவரிடம் இருந்திருக்கிறது. அவள் இதைத்தான் சுமக்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஜன்னலில் நின்றது அவளுக்குத் தெரியாது. ஒருவர் மனசைக் கிளறிவிடக் கூடாது என்று இன்னொருவர் அவன் பேச்சையே எடுக்காமல் ஒரே கூரைக்கு அடியில் இருந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

மிச்சம் எப்படி இருந்தது, கொஞ்சம் பாடிக் காட்டுங்கள் அப்பா என்று அக்கா கெஞ்சினாள். ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும், மெட்டு தனக்குத் தெளிவாகக் கேட்டதே இல்லை, அன்று விரலால் வாசித்தது கொஞ்சம்கூடக் கேட்கவில்லை என்றார். "கையைத்தான் பாத்தேன்," என்றார். கை எங்கெங்கே போயிற்று என்று கேட்டாள். எங்கெங்கேயோ போயிற்று, வேகமாகப் போயிற்று, சொல்லத் தெரியவில்லை என்றார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. நான் அவரை விட்டுவிடச் சொல்லி அக்காவுக்கு ஜாடை காட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறையில் பயந்துபோனவர்களிடம் பேசுகிற அந்த நிதானமான குரலில் கேட்டாள்.

"கடைசியா கை எங்க வந்து நின்னுச்சுப்பா?"

அப்பா உள்ளே வந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்து அவள் வலது பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் சரிபண்ணிக்கொண்டு, பலகைமேல் குனிந்தார். விரலை நீட்டினார். ஒரு கட்டத்துக்கு மேலே நின்றது, இல்லை என்று தலையாட்டி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது, நடுவில் இருந்த ஒரு கம்பிமேல் இறங்கியது. அங்கே மரம் குழிந்திருந்தது.

அவருக்கு அழுத்தப் பலமில்லை. அக்கா தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தி, இடது கையால் அந்த ஒரு கம்பியை மீட்டினாள். சத்தம் வந்தது, சின்ன அறையில் கொஞ்ச நேரம் இருந்தது, மெதுவாக அடங்கியது. இதுதானா என்று அவள் கேட்டாள். இங்கேதான் நிறுத்தினான், நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தான் என்றார். சத்தம் முழுசாக நின்றபிறகும் அப்பா விரலை எடுக்கவில்லை.